தப்பைக் காட்டும் 'சர்வர்'! பிள்ளைகளே அமர்த்தட்டும்!

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருக்கிறதா?

இருந்தால் இதைப் படியுங்கள். பிள்ளையையும் படிக்கச் சொல்லுங்கள்.

இரவு 11 மணி ஆகியிருக்கும். பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். தட்டில் வைத்த சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

"என்னடா, இன்னும் முடியலையா?" என்று தாய் கேட்பாள்.

"புரோகிராம் ஓடமாட்டேங்குதும்மா" என்று பதில் வரும்.

ஏன் ஓடவில்லை? பல நாட்களில் காரணம் மிகச் சின்னது. ஒரு செமிகோலன் விட்டுப்போயிருக்கும். அல்லது ஓர் எழுத்து மாறிப்போயிருக்கும். அதைத் தேடித் தேடியே இரண்டு மணி நேரம் போயிருக்கும்.

நேரம் போனால் போகட்டும். "இந்தப் படிப்பு நமக்கு வராது" என்று பிள்ளை நினைத்துவிடுகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். தமிழ் வழியில் படித்து, கல்லூரியில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படி மனம் ஒடிந்து போகிறார்கள்.

விட்டுப்போன அந்தச் செமிகோலனை உடனே காட்டிக்கொடுக்க ஓர் உதவியாள் உண்டு. சம்பளம் கேட்காத உதவியாள். பெயர் "லாங்குவேஜ் சர்வர்".

இந்த உதவி ஒவ்வொரு மாணவனுக்கும், மாணவிக்கும் வேண்டும். அதை வேறு யாரோ வந்து அமைத்துக் கொடுக்கக்கூடாது. படிக்கும் பிள்ளையே தன் கையால் அமைக்க வேண்டும். இது என் கருத்து. ஏன் என்று சொல்லுகிறேன்.

எடிட்டர் என்றால் என்ன?

எடிட்டர் என்றதும் பத்திரிகை ஆசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத ஒரு பலகை வேண்டும் அல்லவா? அந்தப் பலகையைத்தான் எடிட்டர் என்கிறார்கள்.

எடிட்டர்கள் பலவகை. அமெரிக்காவில் 1976-ம் ஆண்டு இரண்டு எடிட்டர்கள் பிறந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் "வி.ஐ." என்ற எடிட்டரை எழுதினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் "ஈமேக்ஸ்" பிறந்தது.

நெதர்லாந்து நாட்டுக்காரர் பிராம் மூலெனார், 1991-ம் ஆண்டு "விம்" என்ற எடிட்டரை வெளியிட்டார். இது இலவசம். "விலை வேண்டாம். முடிந்தால் உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி காலமானார். விம் எடிட்டரிலிருந்து கிளைத்தது "நியோவிம்".

2015-ம் ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனி "வி.எஸ். கோட்" என்ற எடிட்டரை வெளியிட்டது. இன்று மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

பலகைக்குப் படிப்பு உண்டா?

பலகையில் யார் எதை எழுதினாலும் அது தாங்கிக்கொள்ளும். சரியா, தப்பா என்று அதற்குத் தெரியாது. எடிட்டரும் அப்படித்தான்.

சில சொற்களுக்கு அது வண்ணம் பூசும். அதைப் பார்த்து, எடிட்டருக்கு மொழி தெரியும் என்று நினைக்கக்கூடாது. சொல்லின் தோற்றத்தை வைத்துப் பூசுகிற வண்ணம் அது. பொருள் தெரிந்து பூசுவது அல்ல.

மொழி தெரிந்தது வேறு ஒன்று. அதுதான் லாங்குவேஜ் சர்வர்.

சர்வர் என்றதும் ஓட்டலில் தோசை கொண்டு வருபவர் நினைவுக்கு வருவார். வரட்டும். வேலை ஏறக்குறைய அதேதான். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சமையல் தெரியவேண்டியது இல்லை. கேட்டால் சர்வர் கொண்டு வந்து வைப்பார். எடிட்டர் கேட்கும். லாங்குவேஜ் சர்வர் கொண்டு வந்து வைக்கும்.

என்னென்ன கொண்டு வரும்?

முதலாவது, தப்பு. எழுதும்போதே தப்பின் கீழே சிவப்புக் கோடு விழும்.

இரண்டாவது, மீதிச் சொல். பாதி எழுதினால் போதும். "இதுவா, அதுவா?" என்று பட்டியல் காட்டும்.

மூன்றாவது, விளக்கம். ஒரு சொல்லின் மேல் அம்பை வைத்தால் அது என்ன, அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லும்.

நான்காவது, வழி. "இந்தப் பெயரை எங்கே முதலில் எழுதினேன்?" என்று கேட்டால், அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும்.

ஐந்தாவது, பெயர் மாற்றம். ஒரு பெயரை மாற்றினால், அது வருகிற எல்லா இடத்திலும் மாற்றிக்கொடுக்கும்.

200 வேலை 30 ஆனது!

முன்பும் இந்த வசதிகள் இருந்தன. ஆனால் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு எடிட்டருக்கும், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக வேலை செய்யவேண்டி இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 எடிட்டர்கள். 20 மொழிகள். எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமானால் 10 பெருக்கல் 20. ஆக 200 வேலை!

இவ்வளவு வேலைக்கு ஆள் வேண்டும். பணம் வேண்டும். பெரிய கம்பெனிகளின் எடிட்டர்களுக்கு அது முடிந்தது. சின்ன எடிட்டர்கள் பின்தங்கின.

வி.எஸ். கோட் செய்தவர்களுக்கே இது தலைவலி ஆயிற்று. ஒரு மொழியின் சர்வருடன் ஒரு விதமாகப் பேச வேண்டும். இன்னொரு மொழியின் சர்வருடன் வேறு விதமாகப் பேச வேண்டும். "எல்லா சர்வருடனும் ஒரே மாதிரி பேசினால் என்ன?" என்று யோசித்தார்கள்.

2016-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோடன்வி ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. எடிட்டரும் சர்வரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிகளை எல்லாரும் படிக்கும்படி திறந்து வைத்தன.

அதன் பிறகு கணக்கு மாறிவிட்டது. எடிட்டர் பக்கம் 10 வேலை. மொழியின் பக்கம் 20 வேலை. கூட்டினால் 30! யாரும் யாருடனும் சேரலாம்.

இதில் ஏழை மாணவனுக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் கனமான எடிட்டர் தள்ளாடும். நியோவிம் போன்ற இலேசான எடிட்டர் ஓடும். 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் வந்த நியோவிம் 0.5 பதிப்பிலேயே, சர்வருடன் பேசும் வசதியை உள்ளே வைத்துவிட்டார்கள். 2023-ம் ஆண்டு வந்த ஈமேக்ஸ் 29-ம் பதிப்பிலும் "எக்லாட்" என்ற பெயரில் அதே வசதி வந்துவிட்டது.

பணக்கார வீட்டுப் பிள்ளையின் புதிய கம்ப்யூட்டரில் எந்த சர்வர் தப்பைக் காட்டுகிறதோ, அதே சர்வர் பழைய கம்ப்யூட்டரிலும் காட்டுகிறது. இந்தச் சமத்துவம் இலவசமாக வந்திருக்கிறது. நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டாமா?

இருவரும் என்ன பேசுகிறார்கள்?

எடிட்டரும் சர்வரும் பேசுவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

எடிட்டர்: "வணக்கம். நான் நியோவிம். இந்த வீட்டில் வேலை. எனக்கு இன்னின்ன தெரியும். உங்களுக்கு என்னென்ன தெரியும்?"

சர்வர்: "வணக்கம். எனக்கு சி மொழி தெரியும். தப்புக் காட்டுவேன். பெயர் மாற்றுவேன்."

எடிட்டர்: "சரி, ஆரம்பிக்கலாம். இதோ ஒரு பைலைத் திறக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது இது."

சர்வர்: "பார்த்துவிட்டேன். 7-வது வரியில் ஒரு தப்பு."

எடிட்டர்: "இப்போது 7-வது வரியை மாற்றிவிட்டார்கள்."

சர்வர்: "தப்பு நீங்கிவிட்டது. கோட்டை எடுத்துவிடுங்கள்."

இவ்வளவுதான். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் "இதில் இத்தனை பைட் இருக்கிறது" என்று எழுதியிருக்கும். படிக்கிறவர் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்வார்.

சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். இந்த சர்வர்களில் பெரும்பாலானவை உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகின்றன. ஒரு முறை இறக்கி வைத்தால் போதும். பிறகு இன்டர்நெட் இல்லாத ஊரிலும் வேலை செய்யும்.

ஒரு குறி செய்யும் கூத்து!

சி மொழி படித்தவர்களுக்கு இது தெரியும். ஓர் எண்ணை வாங்கிவர "ஸ்கேன்-எஃப்" என்று ஒரு கட்டளை உண்டு. எண்ணின் பெயருக்கு முன்னால் & என்ற குறியைப் போட வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? கம்பைலர் அதைத் தடுக்காமல் விட்டுவிடக்கூடும். புரோகிராம் ஓடத் தொடங்கும். எண்ணைக் கொடுத்ததும் விழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று பிள்ளைக்குப் புரியாது.

இன்னொன்று. இரண்டு எண்கள் சமமா என்று பார்க்க, சமன் குறியை இரண்டு தடவை போட வேண்டும். ஒரு தடவை போட்டால் பொருளே மாறிவிடும்.

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் "டர்போ சி" வைத்துப் பாடம் நடத்தினார்கள். அது 1987-ம் ஆண்டு முதலில் வந்தது. அந்தக் காலத்துக்கு நல்ல கருவிதான். ஆனால் எழுதும்போதே எச்சரிக்கும் சர்வர் அதில் ஏது?

சி மொழிக்கு இன்று "கிளாங்-டி" என்ற சர்வர் இருக்கிறது. இலவசம். மேலே சொன்ன இரண்டு தப்புகளையும், எழுதி முடித்த உடனே, புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே காட்டிவிடும். செமிகோலன் விட்டுப்போனால், விட்டுப்போன இடத்தையே காட்டும்.

அமைப்பது எப்படி?

இனி வேலைக்கு வருவோம். சர்வரை அமைப்பது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றே மூன்று கேள்விகள்தான். மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வேலை முடிந்தது.

முதல் கேள்வி: சர்வர் எங்கே இருக்கிறது?

சர்வர் ஒரு தனிப் புரோகிராம். எடிட்டரை நிறுவினால் சர்வரும் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. தனியாக நிறுவ வேண்டும். உபுண்டுவில் கிளாங்-டி என்ற பெயரிலேயே கிடைக்கிறது. விண்டோசில் எல்.எல்.வி.எம். என்ற தொகுப்பில் இருக்கிறது. வி.எஸ். கோட் எடிட்டரில் கிளாங்-டிக்கு உரிய இணைப்பைப் போட்டால், "சர்வர் இல்லை, இறக்கட்டுமா?" என்று அதுவே கேட்கும்.

நிறுவிய பிறகு சோதித்துப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து சர்வரின் பெயரைச் சொல்லி, "உன் பதிப்பு எண் என்ன?" என்று கேளுங்கள். எண் வந்தால் சரி. "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால், சர்வர் இருக்கும் பாதை கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு செய்தி. கம்பைலரும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். சி மொழியின் பொதுவான தலைப்புப் பைல்கள் கம்பைலருடன்தான் வரும். அவை இல்லாவிட்டால் முதல் வரியிலேயே சிவப்புக் கோடு விழும்.

இரண்டாவது கேள்வி: எந்தப் பைலுக்கு எந்த சர்வர்?

சி பைலுக்கு சி தெரிந்த சர்வர். பைத்தான் பைலுக்கு பைத்தான் தெரிந்த சர்வர். இதை எடிட்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மொழிக்கு, ஒரே வேலை செய்யும் இரண்டு சர்வர்களை வைக்காதீர்கள். வி.எஸ். கோட் எடிட்டரில் சிலர், மைக்ரோசாப்டின் சி இணைப்பையும் கிளாங்-டி இணைப்பையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே தப்பை இரண்டு தடவை சொல்லும். பிள்ளை குழம்பிப்போகும். ஒன்றின் வாயை மூடிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: வீட்டு வாசல் எது?

ஒரு புரோகிராம் ஒரே பைலில் இருக்காது. ஒரு போல்டரில் பல பைல்கள் இருக்கும். அந்த போல்டர்தான் வீடு. வீட்டின் வாசல் எது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் பைலைக்கூட "காணோம்" என்று சொல்லும்.

சி மொழியில் பெரிய வேலை என்றால், எந்தப் பைலை எப்படி கம்பைல் செய்வது என்ற பட்டியல் ஒன்றும் சர்வருக்கு வேண்டும். "சி-மேக்" என்ற கருவியில் ஒரு விருப்பத்தைப் போட்டால் அந்தப் பட்டியலை அதுவே எழுதிக்கொடுக்கும். பாடப் புத்தகத்தில் வரும் ஒற்றைப் பைல் புரோகிராமுக்கு இது தேவை இல்லை.

பைத்தான் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி ஒரு புதிரில் மாட்டிக்கொள்கிறார்கள். புரோகிராம் நன்றாக ஓடுகிறது. ஆனால் எடிட்டரில் "இந்தத் தொகுப்பைக் காணோம்" என்று கோடு விழுகிறது. காரணம் என்ன? தொகுப்பை ஒரு பைத்தானில் நிறுவியிருப்பார்கள். சர்வர் வேறு பைத்தானில் தேடும். எந்தப் பைத்தான் என்று சர்வரிடம் சொன்னால் கோடு மறைந்துவிடும்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் வந்த நியோவிம் 0.11 பதிப்பில், சர்வரை அமைக்க எழுதும் சின்னப் பைலில் மூன்று வரிகள் முக்கியம். சர்வரை அழைக்கும் கட்டளை ஒன்று. பைல் வகை ஒன்று. வீட்டு வாசலின் அடையாளம் ஒன்று. பார்த்தீர்களா? அதே மூன்று கேள்விகள்!

பட்டனை அமுக்கினால் போதாதா?

"எல்லாவற்றையும் ஒரு பட்டன் செய்துவிடுகிறதே. பிள்ளை ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்கலாம்.

பட்டன் வேலை செய்கிற வரைக்கும் கவலை இல்லை. ஒரு நாள் அது வேலை செய்யாது. அன்று, பட்டன் மட்டும் தெரிந்த பிள்ளை திகைத்து நிற்கும். மூன்று கேள்விகள் தெரிந்த பிள்ளை, எங்கே பார்க்க வேண்டும் என்று பார்க்கும்.

வேலைக்குப் போகிற இடத்தில் கம்ப்யூட்டர் வேறாக இருக்கும். எடிட்டர் வேறாக இருக்கும். மொழியும் வேறாக இருக்கலாம். மூன்று கேள்விகள் மட்டும் மாறாது.

இன்னொரு காரணமும் உண்டு. எது யாருடையது என்று தெரிய வேண்டும். பைத்தானுக்கு "பைரைட்" என்ற சர்வர் உண்டு. மைக்ரோசாப்ட் கொடுத்தது. திறந்த உரிமம். யாரும் எந்த எடிட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் கட்டிய "பைலான்ஸ்" என்ற இன்னொரு சர்வரும் உண்டு. அதன் உரிமம் மைக்ரோசாப்டின் சொந்த எடிட்டர்களுக்கு மட்டும்தான். எடிட்டரை மாற்றினால் அது கூட வராது. அமைத்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

சோம்பேறி ஆகிவிடுமா?

சில ஆசிரியர்கள் இதை எதிர்க்கிறார்கள். "சர்வர் இருந்தால் பிள்ளை சோம்பேறி ஆகிவிடும். பரீட்சையில் காகிதத்தில்தானே எழுத வேண்டும்? அங்கே யார் சிவப்புக் கோடு போடுவார்கள்?" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆகவே முதல் சில புரோகிராம்களை வெறும் பலகையில் எழுதட்டும். கம்பைலர் சொல்வதைப் படித்துப் பழகட்டும். அதன் பிறகு சர்வரை அமைக்கட்டும்.

ஆனால் கடைசி வரைக்கும் தடுப்பது சரியல்ல. வாத்தியார் நோட்டில் சிவப்பு மை போடுகிறார். அதனால் பிள்ளை சோம்பேறி ஆகிறதா? அடுத்த தடவை திருத்தமாக எழுதுகிறது. நோட்டு திரும்பி வர ஒரு வாரம் ஆகிறது. சர்வர் அடுத்த நொடியே போடுகிறது. அதுதான் வித்தியாசம்.

யோசிக்கும் வேலை எப்போதும் பிள்ளைக்குத்தான். ஓர் உதாரணம் பாருங்கள். 10, 20 என்ற இரண்டு எண்களின் சராசரி வேண்டும். இரண்டையும் கூட்டி, பிறகு இரண்டால் வகுக்க வேண்டும். 15 என்று விடை வரும். அடைப்புக்குறி போட மறந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? முதலில் 20-ஐ இரண்டால் வகுக்கும். வந்த 10-ஐ முதல் 10-உடன் கூட்டும். விடை 20!

இதற்கு சிவப்புக் கோடு விழாது. மொழியின் இலக்கணப்படி அது சரி. கணக்குதான் தப்பு. கணக்கைப் பிள்ளைதான் பார்க்க வேண்டும். இலக்கணப் பிழையைத் தேடும் நேரம் மிச்சமானால், கணக்கைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

செயற்கை அறிவு இருக்கிறதே?

"இப்போது ஏ.ஐ. முழுப் புரோகிராமையும் எழுதிக் கொடுக்கிறது. இனி லாங்குவேஜ் சர்வர் எதற்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

ஏ.ஐ. பல லட்சம் புரோகிராம்களைப் படித்து, "இங்கே இது வரலாம்" என்று ஊகிக்கிறது. ஊகம் பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் இல்லாத கட்டளையை இருப்பதாகச் சொல்லும். லாங்குவேஜ் சர்வர் மொழியின் விதியையும், உங்கள் போல்டரில் இருக்கும் பைல்களையும் வைத்துச் சொல்லுகிறது. ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததையும் அது பரிசோதிக்கும். ஆகவே இன்றுதான் சர்வர் அதிகம் தேவை.

இரண்டு எச்சரிக்கைகள்

முதல் எச்சரிக்கை: பெரிய புரோகிராமைத் திறந்தால் சர்வர் எல்லாப் பைல்களையும் படிக்கும். மெமரியை நிறைய எடுத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர் திணறும். பாடத்துக்கு எழுதும் சின்னப் புரோகிராமுக்கு அந்தக் கவலை இல்லை. தேவையான பைல்கள் இருக்கும் போல்டரை மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை: முன்பின் தெரியாதவர் அனுப்பிய போல்டரை அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. சில சர்வர்கள், படிப்பதற்காக அந்த போல்டரில் இருக்கும் புரோகிராமின் ஒரு பகுதியை ஓட்டிப் பார்க்கும். ரஸ்ட் மொழியின் "ரஸ்ட் அனலைசர்" அப்படிச் செய்யும். அதில் விஷமம் இருந்தால் ஆபத்து. இதற்காகத்தான் 2021-ம் ஆண்டு முதல் வி.எஸ். கோட், "இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா?" என்று கேட்கிறது. படிக்காமல் "ஆம்" என்று அமுக்காதீர்கள்.

தமிழ் எழுத்தும் சர்வரும்

புரோகிராமுக்கு நடுவே தமிழில் குறிப்பு எழுதலாம். எழுத வேண்டும். ஆனால் முன்பெல்லாம் ஒரு வேடிக்கை நடந்தது. தமிழ் இருக்கும் வரியில் சிவப்புக் கோடு இடம் தவறி விழுந்தது.

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து. த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. யூ.டி.எஃப். 8 என்ற முறையில் சேமித்தால் 15 பைட். யூ.டி.எஃப். 16 என்ற முறையில் எண்ணினால் 5.

எடிட்டரும் சர்வரும் 16 முறையில் எண்ண வேண்டும் என்பது ஆரம்ப விதி. ஒன்று 5 என்று எண்ணி, மற்றது 15 என்று எண்ணினால் கோடு எங்கே விழும்? பத்து இடம் தள்ளித்தான் விழும்! 2022-ம் ஆண்டு வெளியான 3.17 பதிப்பில், "எந்த முறையில் எண்ணலாம்?" என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொள்ள வழி வைத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளையின் எடிட்டரில் கோடு தள்ளி விழுந்தால், எடிட்டரையும் சர்வரையும் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

இன்னும் ஒரு குறை உண்டு. சர்வர் காட்டும் தப்புக்குப் பக்கத்தில் விளக்கமும் வரும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குக் கோடு புரியும். விளக்கம் புரியாது.

"என்னுடைய மொழி இது" என்று எடிட்டர் சொல்ல, 2020-ம் ஆண்டே விதியில் இடம் கொடுத்துவிட்டார்கள். பைரைட் சர்வர் ஜப்பான் மொழியிலும், கொரிய மொழியிலும், ஜெர்மன் மொழியிலும் பேசுகிறது. அந்தந்த மொழி வாக்கியங்களைத் தனித்தனிப் பைலில் வைத்திருக்கிறார்கள். யாரும் திறந்து பார்க்கலாம். நம் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால், அந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதிவிட முடியாதா?

முடியும். ஆனால் அதைச் செய்ய சர்வர் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் வேண்டும். தன் கையால் ஒரு தடவையாவது அமைத்துப் பார்த்தவர்கள் வேண்டும்.

இன்றே செய்யுங்கள்

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டிலேயே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு மாணவனும், மாணவியும் தங்கள் கையால் ஒரு சர்வரை அமைக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிள்ளை வீட்டில்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சர்வர் எங்கே இருக்கிறது? எந்தப் பைலுக்கு எந்த சர்வர்? வீட்டு வாசல் எது?

அமைத்து முடித்ததும் ஒரு சின்ன சி புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு செமிகோலனை விட்டுவிடச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

விழுந்தால், உங்கள் வீட்டில் சர்வர் வேலைக்குச் சேர்ந்துவிட்டது!